கலைச் சந்தையில் அட்சுகோ தனாகா: ஓவியத்தை மட்டும் மாட்டினால் போதுமா?

வெள்ளவத்தை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கொழும்பில் உயர்தர மாணவருக்குச் சித்திரம் கற்பிப்பவள். கடந்த மார்ச் மாதம் ஹொங்கொங்கிலுள்ள தம்பியின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அங்கு நடைபெற்ற பெரிய கலைச் சந்தையைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அத்தனை நெரிசலுக்கு நடுவே ஒரு காட்சியகம், தனக்குக் கிடைத்த இடம் முழுவதையும் ஜப்பானிய ஓவியர் அட்சுகோ தனாகா (1932–2005) ஒருவருக்கே ஒதுக்கியிருந்தது.

பளபளக்கும் வண்ணத்தில் பெரிதும் சிறிதுமாக வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் புறப்பட்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சிக்கி, வேறொரு வட்டத்தில் போய் முடியும் கோடுகள். அழகாகத்தான் இருந்தன, ஆனால் அதற்கு மேல் எதுவும் என் மனதில் தோன்றவில்லை. வெளியேறப் போன வேளையில்தான், பக்கச் சுவரில் உள்ளங்கை அளவேயான ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் கண்ணில் பட்டது. உடல் முழுவதும் மின்குமிழ்கள் மூடியிருக்க, முகம் மட்டும் தெரிய, தனாகா நிற்கிறார். 1956இல் அவர் செய்து, தாமே அணிந்து காட்டிய ‘மின்சார ஆடை’ அது. திரும்பவும் ஓவியத்தின் முன் போய் நின்றேன். வட்டங்கள் மின்குமிழ்களாகவும் கோடுகள் மின்கம்பிகளாகவும் தெரிந்தன. அதன் பின் அவற்றை வேறு விதமாகப் பார்க்கவே முடியவில்லை.

அந்தச் சிறு படம் அங்கே இல்லாதிருந்தால் நான் எதையும் அறியாமலே கடந்து போயிருப்பேன். சுவரில் மாட்டி விற்க முடியாத ஒன்றையே தம் முதன்மையான படைப்பாகச் செய்த ஒருவரை, விற்பனைக்கென்றே அமைந்த இடத்தில் எவ்வாறு முறையாக அறிமுகம் செய்வது? நம் நாட்டு ஓவியர்களை இப்படி வெளியே கொண்டு செல்வதானால் எதையெல்லாம் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மருதானைச் சட்டகக்காரர் எழுதியது:

வணக்கம் ரீச்சர். ஓவியங்களுக்குச் சட்டமிட்டு, பொதி செய்து, வெளிநாட்டுக்கு அனுப்பும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இத்தகைய சந்தைகளில் இடத்துக்கான கட்டணத்தைச் சதுர மீற்றர் கணக்கில்தான் அறவிடுவார்கள். நான்கைந்து நாட்களுக்குள் வாடகை, விமானக் கட்டணம், காப்புறுதி எல்லாவற்றையும் விற்பனையால் ஈடுசெய்தாக வேண்டும் என்பதால், சுவரின் ஒவ்வொரு அடியும் காசுதான். அப்படிப்பட்ட சுவரில் விலைச்சீட்டு இல்லாத ஒரு புகைப்படத்தை மாட்டுகிறார்கள் என்றால், அதை நன்றாக யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

அதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. தனாகா 1955இல் சேர்ந்த குட்டாய் என்ற கலைஞர் குழுவை, அதற்கு முந்தைய ஆண்டு ஜிரோ யொஷிஹாரா என்ற மூத்த ஓவியர் ஜப்பானின் அஷியா நகரில் தொடங்கியிருந்தார். அக்குழுவின் ஓவியங்களை 1958இல் நியூயோர்க்கிலுள்ள மார்தா ஜக்சன் காட்சியகம் மக்கள் முன் வைத்தபோது, அமெரிக்க ஓவியர்களைப் பார்த்துச் செய்தவை என்று அங்குள்ள விமர்சகர்கள் ஒதுக்கிவிட்டார்கள். அக்குழுவைச் சேர்ந்த கசுவோ ஷிராகா 1955இலேயே சேற்றில் புரண்டு தம் உடலால் உருவம் செய்ததையும், கயிற்றைப் பிடித்துத் தொங்கியபடி பாதங்களால் வண்ணம் தீட்டியதையும் அறியாதவருக்கு, அந்தத் துணியில் எஞ்சியிருந்தது வெறும் வண்ணத் திட்டாகவே தெரிந்திருக்கும். புகைப்படம், கண்காட்சித் துண்டுப்பிரசுரம், திகதியிட்ட கடிதம் ஆகியவை ஓவியத்தின் விலையை உயர்த்துகின்றன என்பது உண்மைதான். ஆனால், எதை யார் எப்போது செய்தார் என்பதற்குச் சாட்சி சொல்பவையும் அவையே. அந்தச் சாட்சியம் இல்லாமல்தான் அன்று அவர்கள் தோற்றார்கள்.

பம்பலப்பிட்டி வாசகி எழுதியது:

ஐயா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் புகைப்படம் போதாது என்றே நினைக்கிறேன். தனாகா 1955இல் செய்த ‘மணி’ என்ற படைப்பில், தரையில் 20 மின்மணிகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பார்வையாளர் பொத்தானை அழுத்தினால் ஓசை ஒரு மணியிலிருந்து அடுத்ததற்குத் தாவி, தூரத்துக்குப் போய், மீண்டும் அருகே வரும். யாரும் அழுத்தாதவரை அங்கே வெறும் கம்பியும் உலோகமும்தான். சந்தையில் ஒரே ஒரு மூலையை அதற்கு ஒதுக்கியிருந்தால், எந்த விளக்கவுரையும் தேவைப்பட்டிருக்காது.

இன்னொன்று, மொழி சார்ந்தது. மேற்கில் வழங்கும் தொடரை அப்படியே எடுத்து இவர்களைப் ‘போருக்குப் பிந்தைய’ ஓவியர்கள் என்று நாமும் எழுதுகிறோம். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அந்தத் தொடரைக் கேட்கும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நம் நாட்டுப் போர் முடிந்த 2009தான், இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 அல்ல. ஆகவே எந்தப் போர் என்பதைச் சொல்லியே தொடங்க வேண்டும். ஒசாக்காவில் பிறந்த தனாகாவுக்கு அந்த நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது 13 வயது. பத்தே ஆண்டுகளில் அதே ஒசாக்கா ரயில் நிலையத்தில் மின்னிய விளம்பர விளக்குகளே அந்த ஆடைக்குத் தூண்டுதலாயின. உடலில் மின்சாரம் பாய்ந்துவிடுமோ என்ற அச்சத்தோடுதான் அவர் அதை அணிந்தார். அந்த ஒளியில் மகிழ்ச்சியும் பயமும் சேர்ந்தே இருந்ததை, போர் முடிந்த ஊரில் வாழ்பவர்களுக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை.

தெஹிவளைக் கடற்கரை எழுதியது:

ஆசிரியையின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். குட்டாய் குழுவுக்குப் பதினொரு ஆண்டுகள் முன்பே, புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் முயற்சியில் கொழும்பில் ‘43 குழு’ என்ற ஓவியர் குழு உருவாகிவிட்டது. மின்சார ஆடை செய்யப்பட்ட அதே 1956இல் அவர்களின் ஓவியங்கள் வெனிஸ் ஈராண்டுக் கண்காட்சிக்கும் சென்றன. அக்குழுவைச் சேர்ந்த ஐவன் பீரிஸ் பிறந்தது எங்கள் தெஹிவளையில். பிற்காலம் முழுவதையும் இங்கிலாந்தில் கழித்து 1988இல் அங்கேயே மறைந்தவர், கடைசிவரை இந்தக் கரையையும் இதன் தென்னைகளையும் நினைவிலிருந்து வரைந்துகொண்டிருந்தார். இதைச் சொல்லாமல் அவர் ஓவியத்தை ஒரு வெள்ளைச் சுவரில் மாட்டினால், எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஒரு கடற்கரையாகவே அது தோன்றும்.

ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் ஆண்டுதோறும் கூடும் ‘கலா பொல’ சந்தையில், வரைந்தவர் படத்தின் பக்கத்திலேயே மர நிழலில் நிற்பார், கேட்டால் சொல்வார். மறைந்த ஓவியருக்காக அப்படி நின்று பேச வேண்டியவை அவர் விட்டுச் சென்ற தாள்கள்தாம். அத்தாள்கள் நம்மிடையே எத்தனை வீடுகளில் கறையானுக்கும் கடற்காற்றின் ஈரத்துக்கும் இரையாகின்றன! 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தில் கைவிடப்பட்டவை எத்தனை! காட்சியகங்கள் கேட்டு வரும்வரை காத்திராமல், வீட்டில் பழைய கண்காட்சி அழைப்பிதழ் ஒன்று இருந்தாலும் அதை ஒளிவருடி, பின்புறத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்து வையுங்கள். மாணவரை பார்ன்ஸ் பிளேஸிலுள்ள சபுமல் இல்லத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள், ரீச்சர். 43 குழுவின் மற்றோர் ஓவியரான ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டிலேயே அக்குழுவினரின் ஓவியங்களைப் பார்க்கலாம்.

வெள்ளவத்தை ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த தவணையில் சபுமல் இல்லத்துக்குச் செல்ல அதிபரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். ‘மணி’ பற்றி வகுப்பில் சொன்னவுடனேயே, புறக்கோட்டையில் ஐந்து அழைப்பு மணிகள் வாங்கி நடையோரம் வரிசையாக வைக்கலாம் என்று மாணவர் தொடங்கிவிட்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கச் செய்யும் இணைப்பை எப்படி அமைப்பது என்று மின்வேலை தெரிந்தவர் யாரேனும் இங்கே எழுதினால் உதவியாக இருக்கும்.