அறையைப் படம் எடுத்தால் ஜன்னல் சட்டம் சாம்பல் நிறமாகிறது, சுவரில் நீலமும் மஞ்சளும்: உதவி தேவை

கேள்வி:
வெள்ளைச் சுவர், வெள்ளைக் கூரை, ஒரு பெரிய ஜன்னல் உள்ள அறை. ட்ரைபாடில் எஃப்/8, ஐஎஸ்ஓ 200 வைத்து வெவ்வேறு வெளிச்ச அளவில் ஐந்து எக்ஸ்போஷர் எடுத்து, ஒன்றாகச் சேர்த்து ஹெச்டிஆர் ஆக்கினேன். ஜன்னல் பக்கம் சுவர் நீலம், விளக்குப் பக்கம் மஞ்சள். வொயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்வது) ஒரு பக்கத்துக்குச் சரிசெய்தால் மறுபக்கம் கெடுகிறது. அப்புறம் கேமரா பக்கத்திலிருந்து கூரையில் ஃபிளாஷ் அடித்து, 1/200 நொடி ஷட்டரில் ஒரு படம் எடுத்து, எடிட் செய்யும்போது அதன் ஜன்னல் பகுதியை மட்டும் ஹெச்டிஆர் படத்தின் மேலே டார்க்கன் மோடில் வைத்தேன். வெளியே மரம் தெளிவாக வந்துவிட்டது. ஆனால் ஜன்னல் சட்டம் அழுக்குப் பிடித்ததுபோல் இருக்கிறது. மாஸ்கை (மேல் படத்தில் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று குறிப்பது) எத்தனை முறை திருத்தியும் போகவில்லை.

பதில் 1:
மாஸ்கை விடுங்கள், கோளாறு படம் எடுத்த இடத்திலேயே இருக்கிறது. டார்க்கன் மோட், ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த இரண்டு லேயரில் எது இருட்டோ அதைத்தான் காட்டும். உங்கள் ஃபிளாஷ் கூரையில் பட்டு ஜன்னலுக்குப் போய்ச் சேர்வதற்குள் வலுவிழந்துவிடுகிறது. அதனால் சட்டம் அடி லேயரைவிட இருட்டாகி, மரத்தோடு சேர்ந்து அதுவும் மேலே வருகிறது.

ஃபிளாஷை நேராக ஜன்னல் பக்கம் திருப்புங்கள். சட்டமும் சுற்றுச்சுவரும் வெளுத்துப் போகும்வரை பவரை ஏற்றுங்கள். தனியாகப் பார்த்தால் படுமோசமான படம்தான், பரவாயில்லை. வெளி வெளிச்சம் இன்னும் அதிகம் என்றால் ஐஎஸ்ஓவை 100-க்கு இறக்கிப் பவரை இரட்டிப்பாக்குங்கள். சிங்க் வேகத்தை (ஃபிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) தாண்டி ஷட்டரைக் கூட்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும்.

பதில் 2:
நிறத்துக்கு: ஹெச்டிஆர் வெளிச்ச அளவைச் சமாளிக்கும், கலந்துபோன நிறத்தைப் பிரிக்காது. ஃபிளாஷ் ஏறத்தாழ 5500 கெல்வின், மஞ்சள் விளக்கு 2700–3000 (எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும்). கூரையில் அடித்து அறை முழுக்க ஃபிளாஷ் நிரம்பிய படம் ஒன்றை அடியில் வையுங்கள். அதன்மேல் ஃபிளாஷ் இல்லாத படத்தை லூமினாசிட்டி மோடில் (மேல் படத்தின் வெளிச்சத்தை மட்டும் எடுப்பது) வையுங்கள். நிறம் கீழிருந்து வரும், நிழலின் போக்கு மேலிருந்து வரும். ஒபாசிட்டியை (மேல் லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்ற அளவு) 50 சதவீதத்திலிருந்து ஆரம்பித்துக் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். கூரைக்கு நிறம் அடித்திருந்தால் இது உதவாது, அந்த நிறமே அறை முழுக்கப் படியும். அப்போது ஒளியைப் பரப்பும் வெள்ளை ஃபிளாஷ் குடையில் அடிக்க வேண்டும்.

கேட்டவர்:
சட்டம் சுத்தமாகிவிட்டது, நன்றி! சுவரும் வெள்ளையாகிவிட்டது. ஆனால் கண்ணாடியில் ஃபிளாஷே வெள்ளைப் பொட்டாகத் தெரிகிறது. திரைச்சீலை ஓரத்தில் இரட்டைக் கோடு. விளக்கின் இதமான மஞ்சளும் காணாமல் போய்விட்டது.

பதில் 1:
ஃபிளாஷைப் பக்கவாட்டில் நகர்த்திச் சாய்வாக அடியுங்கள், பொட்டு ஃபிரேமுக்கு வெளியே போகும். இரட்டைக் கோடு திரை ஆடியதால் வந்தது; ஃபேனை நிறுத்திவிட்டு எல்லாப் படத்தையும் அடுத்தடுத்து எடுங்கள்.

பதில் 2:
விளக்குக்கு ஃபிளாஷ் இல்லாத படத்தை இன்னொரு லேயராக நார்மல் மோடில் மேலே வைத்து, மாஸ்கைக் கறுப்பாக்கி (கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்), விளக்கின் மூடியிலும் அதன் ஒளி விழும் சுவரிலும் மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் வெள்ளை தடவுங்கள். பிரஷ் ஒபாசிட்டி 30 சதவீதம் போதும். கூட்டினால் பழைய மஞ்சள் சுவர் திரும்ப வந்துவிடும்.