உடம்பு எச்சரிக்காத ஆபத்து: விண்வெளித் துறையில் உங்களை இன்னும் உறுத்தும் ஒரு சம்பவம்?

ஏவுதளம்_39:
1981 மார்ச் 19. நாசாவோட விண்வெளி ஓடம் கொலம்பியாவோட முதல் பயணத்துக்கு மூணரை வாரம் இருக்கு. ஒத்திகை கவுண்ட்டவுன் முடிஞ்சு, தளத்துக்குள்ள போகலாம்னு அறிவிச்சாச்சு. பின்பக்க எஞ்சின் அறையில மட்டும் நைட்ரஜன் இன்னும் ஓடிட்டிருந்தது. ஹைட்ரஜன் கசிஞ்சா தீப்பிடிக்காம இருக்கத்தான் அதை ஓட்டுவாங்க. மூச்சுக்கருவி இல்லாம நுழைஞ்ச டெக்னீஷியன்கள் மயங்கி விழுந்தாங்க. ஜான் பியோர்ன்ஸ்டாட் அன்னிக்கே இறந்தார், ஃபாரஸ்ட் கோல் ஏப்ரல் 1 அன்னிக்கு.
மூச்சு முட்டுற உணர்வைத் தர்றது உடம்புல சேர்ற கார்பன் டை ஆக்சைடு. நைட்ரஜனைச் சுவாசிச்சா அது வழக்கம்போல வெளியேறிடும், அதனால திணறலே வராது. சுத்த நைட்ரஜன்னா ரெண்டு மூச்சு போதும், ஆள் சரிஞ்சிடுவார். நடைமுறைத் தாளில் செஞ்ச மாற்றம் எல்லார் கைக்கும் போயிருந்தா இது நடந்திருக்காது.

கசிவு_காவலன்:
நைட்ரஜனுக்கு நிறமும் இல்ல, மணமும் இல்ல. நிறமும் மணமும் இருக்கிற வாயுகிட்டயே ஆளுங்க மாட்டினது 1975 ஜூலை 24, அமெரிக்காவும் சோவியத்தும் சேர்ந்து நடத்தின அப்பல்லோ-சோயுஸ் பயணத்துல அமெரிக்கக் கலம் இறங்கின நாள். பாராசூட் வரிசையைத் தானாக ஓட்டுற சுவிட்சுகளைப் போடல. போட்டிருந்தா த்ரஸ்டர்களும் (கலத்தைத் திருப்புற குட்டி எஞ்சின்கள்) அணைஞ்சிருக்கும். பாராசூட்டைக் கையால விட்டாங்க. கலம் ஆடினதும் அதை நிமிர்த்த த்ரஸ்டர்கள் எரிஞ்சுது, அதே நேரம் வெளிக்காற்றை உள்ளே விடுற வால்வும் திறந்துடுச்சு. த்ரஸ்டர்ல எரிபொருளை எரிய வைக்கிற நைட்ரஜன் டெட்ராக்சைடோட புகை நேரா கேபினுக்குள்ள. கலம் கடல்ல தலைகீழா விழுந்தது. விண்வெளி வீரர் வான்ஸ் பிராண்ட் நினைவிழந்துட்டார், கூட இருந்த ஸ்டாஃபர்ட் அவர் முகத்துல மாஸ்க்கை மாட்டி அழுத்திப் பிடிச்சார்.
மகேந்திரகிரியில இஸ்ரோ சோதிக்கிற விகாஸ் ராக்கெட் எஞ்சினுக்கும் இதே டெட்ராக்சைடுதான். நுரையீரல் ஈரத்துல பட்டா நைட்ரிக் அமிலம் ஆகும். இருமல் நின்னுடுச்சுன்னு ஆளை வீட்டுக்கு அனுப்பிடாதீங்க. நுரையீரல்ல நீர் கோத்துக்கிறது பல மணி நேரம் கழிச்சுதான் தெரியும். ஒரு நாளாவது படுக்க வெச்சு ஆக்சிஜன் அளவைப் பாத்துட்டே இருக்கணும்.

மீட்டர்காரன்:
@ஏவுதளம்_39 தாளை மட்டும் நம்புறதை என்னால ஏத்துக்க முடியல சார். தாள் மாறும், ஷிஃப்ட் மாறும். வாசல்ல ஆக்சிஜன் மீட்டர் இல்லாம எந்த மூடின அறைக்குள்ளயும் ஆள் போகக் கூடாது. யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன்.
மீட்டரைத் திறந்தவெளியில ஆன் பண்ணுங்க. ஆன் ஆகும்போதே சுற்றியிருக்கிற காற்றுல இயல்பான 20.9 சதவீத ஆக்சிஜன் இருக்குன்னு எடுத்துக்கிற மாடல்கள் உண்டு. ஆக்சிஜன் குறைஞ்ச இடத்துல ஆன் பண்ணினா, அந்த மோசமான காற்றையே சரின்னு காட்டும். வாசல்ல நின்னே குழாயை உள்ள விட்டு மேல, நடுவுல, கீழன்னு மூணு உயரத்துலயும் பாருங்க. குளிர்ந்த நைட்ரஜன் தரையில தேங்கும். குழாய் நீளமா இருந்தா காற்று சென்சாருக்கு வந்து சேரவே நேரமாகும், அவசரப்பட்டு முதல்ல காட்டுற எண்ணைக் குறிக்காதீங்க. 19.5க்குக் கீழ இறங்கினா நுழையவே கூடாது. அந்த சென்சார் அலமாரியில சும்மா கிடந்தாலும் தேயும், பெரும்பாலும் ரெண்டு வருஷம்தான் ஆயுசு. தினமும் சோதனை வாயுவைக் காட்டி அலாரம் அடிக்குதான்னு பாத்துடுங்க. உள்ள ஒருத்தர் விழுந்துட்டார்னா மூச்சுக்கருவி மாட்டாம யாரும் பின்னாலேயே ஓடாதீங்க. இப்படிப்பட்ட விபத்துகள்ல காப்பாத்தப் போனவங்களே நிறைய பேர் செத்திருக்காங்க.

வெண்ணுடை:
மீட்டர் சரி. ஆனா கண்ணெதிரே தெரியிற அறிகுறிக்கே வேற காரணம் சொல்லிட்டா? 2013 ஜூலை 9, சர்வதேச விண்வெளி நிலையத்துல விண்நடை முடிஞ்சு வந்த வீரர் லூகா பர்மிட்டானோ ஹெல்மெட்டுல தண்ணி. குடிநீர்ப் பை ஒழுகியிருக்கும்னு முடிவு பண்ணி, ஒரே வாரத்துல அதே உடையில மறுபடி அனுப்பினாங்க. ஜூலை 16, தலைக்குப் பின்னால தண்ணி ஏறுது. எடையில்லாத இடத்துல அது வழிஞ்சு இறங்காது, தோல்ல ஒட்டிப் பரவும். மூக்கை மூடி, கண்ணை மறைச்சுது. பாதுகாப்புக் கயிறு இழுக்கிற திசையைப் பிடிச்சுத்தான் வாசல் வந்து சேர்ந்தார். சுமார் ஒன்றரை லிட்டர்! காரணம் பை இல்ல, உடைக்குள்ள காற்றையும் நீரையும் பிரிக்கிற பாகத்தோட சின்னத் துளைகள் அடைச்சிருந்தது.
அதுக்கப்புறம்தான் பின்னந்தலைகிட்ட உறிஞ்சு பட்டையும், முகத்தைத் தண்ணி மூடினா இடுப்புப் பக்கத்துக் காற்றை வாயால இழுக்க ஒரு குழாயும் வந்துச்சு. நடுநடுவுல தலையைப் பின்னால அழுத்தி, பட்டை சொதசொதன்னு இருக்கான்னு பாப்பாங்க.

ஏவுதளம்_39:
@மீட்டர்காரன் மீட்டர் வேணாம்னு நான் சொல்லவே இல்லையே. தாள் காப்பாத்தினதும் உண்டு. 2001 பிப்ரவரி, விண்வெளி நிலையத்துக்கு வெளிய வீரர் ராபர்ட் கர்பீம் குளிர்விப்புக் குழாயை இணைக்கும்போது அமோனியா பீறிட்டு உடையெல்லாம் பனியா படிஞ்சுது. அவரை உடனே உள்ள விடல. அரை மணி நேரம் வெயில்ல நிறுத்தி ஆவியாக விட்டாங்க. காற்றறையில (வெளிய போய்வர்றதுக்கான அடைப்பு அறை) அழுத்தத்தை ஏத்தி இறக்கினாங்க. அவர் உள்ள வந்தப்ப கேபின்ல இருந்தவங்க ஆக்சிஜன் மாஸ்க்கோட இருந்தாங்க, ஒரு 20 நிமிஷம் அதைக் கழட்டவே இல்ல.