"இருண்ட காலம்" வரைபடம்: கிறிஸ்தவ விமர்சகர்கள் சொல்வதில் எவ்வளவு உண்மை?

கேள்வி

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். மேலைநாட்டு நாத்திகர்களிடையே நெடுநாளாகச் சுற்றிவரும் ஒரு வரைபடத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கிரேக்க, ரோமானியர் காலங்களில் ஏறிச் செல்லும் அறிவியல் வளர்ச்சிக் கோடு, கிறிஸ்தவம் பரவியதும் சரிந்து, மறுமலர்ச்சிக் காலத்தில்தான் மறுபடி எழுவதாக அது காட்டும். நானும் அதைப் பலருக்கு அனுப்பியிருக்கிறேன். சென்ற வாரம் என்னுடன் பணிபுரியும் கிறிஸ்தவ நண்பர் அதைப் பார்த்துவிட்டு, "செங்குத்து அச்சில் அளவுகளையே காணோமே, எதை எண்ணி இந்தக் கோட்டைப் போட்டார்கள்?" என்று கேட்டார். உற்றுப் பார்த்தேன், ஓர் எண்கூட இல்லை. அன்று முதல் மனம் உறுத்துகிறது. ஹைபேஷியா, தட்டை உலகம், புரூனோ, கலிலியோ என்று நாம் வழக்கமாகச் சொல்பவற்றில் எவை ஆதாரத்தோடு நிற்கின்றன?

முதல் மறுமொழி

உங்கள் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கோட்டுக்குப் பின்னால் எந்தக் கணக்கும் கிடையாது. மதமும் அறிவியலும் ஓயாமல் போரிட்டு வந்தன என்ற சித்திரத்தைப் பரப்பியவை 1874-இல் டிரேப்பரும் 1896-இல் ஒயிட்டும் வெளியிட்ட நூல்கள். இன்றைய அறிவியல் வரலாற்றாசிரியர்கள், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் உட்பட, அதை அப்படியே ஏற்பதில்லை.

இடைக்காலக் கிறிஸ்தவர்கள் உலகம் தட்டை என்று நம்பினார்கள் என்ற கதை முற்றிலும் பிழை. 13-ஆம் நூற்றாண்டில் சாக்ரோபோஸ்கோ எழுதிய வானியல் பாடநூல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல தலைமுறைகளுக்குக் கற்பிக்கப்பட்டது. கப்பலின் பாய்மரத்தடியில் நிற்பவனுக்குத் தெரியாத கரை அடையாளம், மரத்தின் உச்சியில் இருப்பவனுக்குத் தெரிகிறது. எனவே கடற்பரப்பு வளைந்திருக்கிறது என்று அது மாணவனுக்கு விளக்கியது. அந்த மாணவர்களில் பலர் திருச்சபைப் பணிக்குச் சென்றவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

கணித, தத்துவ அறிஞரான ஹைபேஷியா கொல்லப்பட்டது உண்மை. 415-ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியாவில் ஒரு கிறிஸ்தவக் கும்பல் அவரை வண்டியிலிருந்து இழுத்துச் சென்று, தேவாலயம் ஒன்றினுள் ஓட்டுச் சில்லுகளால் சிதைத்துக் கொன்றது. ஆளுநர் ஒரெஸ்டஸுக்கும் ஆயர் சிரிலுக்கும் இடையே மூண்டிருந்த அதிகாரப் பூசலே அதன் பின்னணி. ஒரெஸ்டஸும் திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர்தான். இவற்றை நமக்குச் சொல்பவர் சாக்ரட்டீஸ் ஸ்கொலாஸ்டிகஸ் என்ற கிறிஸ்தவ வரலாற்றாசிரியர். இக்கொலை சிரிலுக்கும் அலெக்சாந்திரியத் திருச்சபைக்கும் பெரும் பழியைத் தேடித்தந்தது என்று அவரே எழுதிவைத்தார். ஹைபேஷியாவோடு சேர்த்து அந்நகரின் மாபெரும் நூலகமும் எரிந்தது என்பது பிற்காலத்தில் ஒட்டவைத்த கதை.

இரண்டாம் மறுமொழி

நான் கிறிஸ்தவன். கேட்டவரின் நேர்மைக்கு என் வணக்கம். டேவிட் பென்ட்லி ஹார்ட் போன்ற இறையியலாளர்கள் இப்பிழைகளைச் சுட்டிக்காட்டியபோது நான் மகிழ்ந்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கமும் இதே குற்றம் உண்டு. டார்வின் மரணப்படுக்கையில் மனம் மாறி வேதாகமத்தைப் புகழ்ந்தார் என்ற கதையை நான் சிறுவயதில் பிரசங்கத்தில் கேட்டு, கல்லூரி விவாதத்தில் சொல்லியும் இருக்கிறேன். அது டார்வின் இறந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, 1915-இல் அச்சேறிய கதை. தந்தையின் இறுதி நாள்களில் உடனிருந்த மகள் ஹென்ரியேட்டா, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று 1922-இல் வெளிப்படையாக மறுத்தார். அந்த மறுப்பை எனக்கு எடுத்துக்காட்டியவர் ஒரு நாத்திக நண்பர். அன்று எனக்குக் கசந்தது, இன்று நன்றியோடு நினைக்கிறேன்.

மூன்றாம் மறுமொழி

தோழர், திருத்திக்கொள்ளும் வேகத்தில் மறுகோடிக்குப் போய்விட வேண்டாம். இத்தாலியத் தத்துவ அறிஞர் புரூனோவை அறிவியலின் தியாகி என்று சொல்வது சரியில்லைதான். திரித்துவம், கன்னி மரியாள் போன்ற கோட்பாடுகளை மறுத்ததாகவே அவர் மீது பெரும்பாலான குற்றச்சாட்டுகள் இருந்தன. எண்ணற்ற உலகங்கள் உண்டு என்ற கருத்தும் அவற்றில் ஒன்று. ஆயினும் 1600 பிப்ரவரியில் ரோம் நகரச் சதுக்கத்தில் ஒரு மனிதரை அவருடைய கருத்துகளுக்காக உயிரோடு எரித்தார்கள். கருத்து இறையியல் சார்ந்தது என்பதால் நெருப்பின் சூடு குறைந்துவிடுமா?

கலிலியோ விஷயத்தில் கிறிஸ்தவ விமர்சகர்கள் சொல்லும் ஒரு வாதம் கவனிக்கத்தக்கது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற அவருடைய கருத்துக்கு அன்று முழுமையான சான்று இல்லை. பூமி சுற்றுவதால் விண்மீன்கள் சற்றே இடம் மாறித் தெரிவதை (இடமாறு தோற்றம்) வானியலாளர் பெஸல் அளந்து வெளியிட்டது 1838-இல்தான் என்கிறார்கள். அது உண்மை. சான்று போதவில்லை என்றால் மற்ற வானியலாளர்கள் மறுத்து எழுதியிருக்கலாம். ஏறத்தாழ எழுபது வயது முதியவரை 1633-இல் முழந்தாளிடச் செய்து, தம் கருத்தைத் தாமே சபித்துக் கைவிட வைத்து, 1642-இல் இறக்கும்வரை வீட்டுக்காவலில் வைத்ததற்கு அது எப்படி நியாயமாகும்? அவருடைய நூல் திருச்சபையின் தடைப் பட்டியலிலிருந்து நீங்க 1835 ஆயிற்று. இவற்றைச் சொல்ல நமக்கு எந்த வரைபடமும் தேவையில்லை.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வரைபடத்தை அனுப்பியிருந்த நண்பர்களுக்கு அது பிழையானது என்று இன்று காலை எழுதிவிட்டேன். புரூனோவையும் கலிலியோவையும் பற்றி மேலே உள்ளவற்றையும் அதோடு சேர்த்திருக்கிறேன். அலுவலக நண்பரிடமும் காட்டினேன். சாக்ரோபோஸ்கோவின் கப்பல் உதாரணத்தை அவரும் இதுவரை கேள்விப்பட்டதில்லையாம்.