கிரேக்கத் தீவு: நக்சோஸா, சாண்டோரினியா?

கேள்வி: செப்டம்பரில் நானும் மனைவியும் போகிறோம். ஓடி ஓடிப் பார்க்க விருப்பமில்லை. கடல், சாப்பாடு, மதியத் தூக்கம் போதும். அவளுக்குக் கப்பல் என்றாலே குமட்டும். எங்கே தங்கலாம்?

பதில்: நக்சோஸ்தான். பிளாக்கா கடற்கரை நீளமானது, கூட்டம் நெருக்காது. மாலையில் போர்ட்டாரா வரை நடங்கள். கட்டி முடிக்காமல் விட்ட கோயிலின் பளிங்கு வாசல் மட்டும் கடலைப் பார்த்து நிற்கும். ஹால்கி கிராமத்தில் கிட்ரோன் உண்டு, சிட்ரான் எலுமிச்சை இலையில் செய்யும் இனிப்பு மது. எனக்கு இனிப்பு அதிகம்.

இன்னொருவர்: ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து பெரிய கப்பலில் போங்கள். வேகப்படகைவிட நேரம் கூடும், ஆட்டம் குறைவு. கடலைக் கொந்தளிக்க வைக்கும் மெல்டெமி என்ற கோடை வடகாற்றின் உச்சம் ஜூலை, ஆகஸ்ட்தான்.

கேட்டவர்: நன்றி. ஆனால் சாண்டோரினியை விடமாட்டாளாம்!

பதில்: சரி, கடைசி இரண்டு இரவு அங்கே. ஓயா என்ற ஊரின் நெரிசல் வேண்டாம். பக்கத்து ஊரான இமெரோவிக்லியில் அறை எடுங்கள், அதே கால்டெரா (கடல் நிறைந்த எரிமலைப் பள்ளம்) அங்கிருந்தும் தெரியும்.