பெடல் லேசரேஷன்: தமிழில் என்ன சொல்வது?

மடல்: மொழிபெயர்ப்பாளர், சிங்கப்பூர்

நண்பர்களுக்கு வணக்கம். வீட்டில் பவளத்தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருப்பவர்களுக்கான ஒரு கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். மூன்று நாளாக ஒரு சொல்லிலேயே நிற்கிறேன்.

ஐப்டேசியா என்ற கடற்சாமந்தி, பூப்போலத் தெரியும் ஒரு கடல் விலங்கு. லைவ் ராக் எனப்படும், உயிர்கள் குடியிருக்கும் கடற்கல்லில் ஒட்டிக்கொண்டு தொட்டிக்குள் வந்துவிடும். அதன் கொட்டும் இழைகள் பக்கத்துப் பவளங்களைக் கருக்கும். அது நகர்ந்தாலும் நாம் பிய்த்தாலும் அடியிலிருந்து சதைத்துணுக்குகள் கல்லிலேயே தங்கிவிடும். ஓரிரு வாரத்தில் ஒவ்வொரு துணுக்கும் தனிச் சாமந்தியாக எழும். இதற்குத்தான் பெடல் லேசரேஷன் என்று பெயர். சொல்லுக்குச் சொல்லாகப் 'பாதக் கிழிசல்' என்று எழுதினேன். படித்துப் பார்த்தவர் கால் வெடிப்பு என்று புரிந்துகொண்டார். உதவுங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருச்சி

பாதம் வடசொல். 'அடி' இருக்கும்போது அது எதற்கு? சாமந்தி கல்லில் ஒட்டும் அடிப்பகுதியான பெடல் டிஸ்க் என்பதை 'அடிவட்டு' என்னலாம். வட்டு நமக்குப் புதிதன்று. 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்கிறது குறள். ஆகவே 'அடிவட்டுக் கிழிபெருக்கம்'. கிழிபெருக்கம் வினைத்தொகை, கிழிந்ததும் கிழிவதும் இனிக் கிழியப்போவதும் அதில் அடங்கும். சாமந்தியையும் செவ்வந்தி ஆக்கிவிடுங்கள்.

மறுமொழி: மென்பொருள் தமிழாக்கம் செய்பவர், சென்னை

ஐயா, வினைத்தொகை என்றால் 'கிழிந்த பெருக்கம்' என்றல்லவா விரியும்? கிழிந்தது சதை, பெருக்கமில்லை.

மறுமொழி: தமிழாசிரியர்

'உண்கலம்' என்கிறோம். கலமா உண்கிறது? கலத்தில் உண்கிறோம். அதுபோலக் கிழிந்து பெருகுவது கிழிபெருக்கம்.

மறுமொழி: தோட்டக்கலை படித்தவர், தேனி

இவ்வளவு சுற்ற வேண்டாம். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் பதியம் தெரியும். 'அடிப்பதியம்' என்று எழுதுங்கள், படித்த உடனே விளங்கும். கோரையைப் பிடுங்கினால் கிழங்கு மண்ணிலேயே தங்கி மறுபடி முளைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சாமந்தியின் குணமும் புரியும்.

மறுமொழி: பவளத்தொட்டி வைத்திருப்பவர், கோலாலம்பூர்

பதியம் நாம் விரும்பிப் போடுவது. இதை யாரும் விரும்பிப் போடுவதில்லை. நான் முதலில் கண்ட ஐப்டேசியா ஒன்றே ஒன்று, சுண்டுவிரல் நகம் அளவு. குறடால் பிடித்து இழுத்தேன். அது சட்டென்று கல்லின் துளைக்குள் சுருங்கிக்கொண்டது, பாதிதான் கையில் வந்தது. அடுத்த மாதம் அதே கல்லில் பதினொன்று எண்ணினேன். 'பிய்க்காதே' என்பது சொல்லிலேயே கேட்க வேண்டும் என்று நான் மன்றாடுவது அதனால்தான். எனக்குக் 'கிழி' வேண்டும்.

கையேட்டில் கல்க்வாசர் என்று வந்தால் அப்படியே விடாதீர்கள். அது ஜெர்மன் சொல், பொருள் சுண்ணாம்புநீர்தான். ஐப்டேசியாவைக் கொல்ல, நீற்றுச் சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து, பம்புகளை நிறுத்திவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் மெதுவாக அதன் வாய்மேல் வைத்து மூட வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்துக்கு மேல் வேண்டாம். தண்ணீரின் காரத்தன்மை ஏறிவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பில் வேறென்ன கலந்திருக்குமோ, அதைத் தொட்டியில் போடாதீர்கள்.

பெப்பர்மின்ட் இறாலும் ஐப்டேசியாவைத் தின்னும். 'புதினா இறால்' என்று எழுதினால் பச்சை இறாலைத் தேடுவார்கள். மிட்டாய் போல் சிவப்புக் கோடுகள் இருப்பதால் வந்த பெயர் அது. 'செவ்வரி இறால்' சரியாக இருக்குமா?

மறுமொழி: தமிழாசிரியர்

செவ்வரி மிக அழகு. நாரைக்கும் அந்த அடைமொழி உண்டு.

மறுமொழி: உயிரியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்

ஒரு வேறுபாட்டை மறந்துவிடாதீர்கள். கோமாளி மீன் குடியிருக்கும் குமிழ்நுனிச் சாமந்தி அடித்துணுக்கை விட்டுப் பெருகுவதில்லை. உடலே நெடுக்காகப் பிளந்து இரண்டாகும். வகுப்பில் பிள்ளைகள் குழம்பும் இடம் இதுதான். அதற்குப் 'பிளவு', இதற்குக் 'கிழிபெருக்கம்' என்றால் இரண்டும் பிரிந்து நிற்கும். பதியம் என்றால் அந்தப் பிரிவு தெரியாது. ஆனால் 'வட்டு' வேண்டாம், பிள்ளைகளுக்குப் பாரம்.

மறுமொழி: தமிழாசிரியர்

'புல்லும் மரனும் ஓரறிவினவே' என்ற தொல்காப்பியர், 'நந்தும் முரளும் ஈரறிவினவே' என்கிறார். சாமந்தி என்று பூப்பெயர் வைத்ததால் ஒரு விலங்கை ஓரறிவுக்கு இறக்கிவிட்டோமோ என்று தோன்றுகிறது. நந்து என்பது நத்தை, சங்கு. இதைத் தின்னும் நத்தை ஏதும் உண்டா?

மறுமொழி: கோலாலம்பூர்

உண்டு ஐயா. பெர்கியா என்று ஓடில்லாத கடல் நத்தை. ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. தின்ற கொட்டணுக்களைத் தன் முதுகு நீட்சிகளில் சேர்த்துத் தனக்கே காவலாக வைத்துக்கொள்ளும். இரை தீர்ந்தால் பட்டினியில் செத்துவிடும். அதனால் கடைசிச் சாமந்தி போவதற்குள் வேறு தொட்டிக்குக் கொடுத்துவிடுவோம்.

மறுமொழி: தமிழாசிரியர்

'ஓடிலி நந்து' என்று எழுத ஆசை. தனி இழையில் பேசுவோம்.

மறுமொழி: மொழிபெயர்ப்பாளர்

வெள்ளி விடிந்துவிட்டது. 'அடிக்கிழிபெருக்கம்' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் 'பிய்ந்த அடித்துணுக்கிலிருந்து புதிதாக வளர்தல்' என்று விளக்கமும் சேர்த்தேன். செவ்வரி இறால் அப்படியே போகிறது. சாமந்தியை மாற்றவில்லை. அனைவருக்கும் நன்றி.

மறுமொழி: தேனி

கையேடு போகட்டும். ஆனால் அந்த விளக்கம் இல்லாமல் உங்கள் சொல் தனியாக நிற்காது, என்னுடையது நிற்கும். அகராதியில் ஏற்றும்போது 'அடிப்பதியம்' என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.