‘எல்லாம் நார்மல்’ என்று வந்த ரிப்போர்ட்டில் எதையெல்லாம் திரும்பப் பார்க்க வேண்டும்?

எரிச்சல், மதமதப்பு, பலவீனம் என்று நரம்புத் தொல்லைக்குச் சோதனை செய்கிறவர்களுக்கு ரிப்போர்ட் சில சமயம் நோயை மறைக்கும், சில சமயம் இல்லாததைக் காட்டும். முதலில் ஏஎன்ஏ, அதாவது உடலின் சொந்தச் செல்களையே குறிவைக்கும் ஆன்டிபாடிக்கான ரத்தச் சோதனை. அது பாசிட்டிவ் என்றதும் லூபஸ்தான் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) என்று முடிவுகட்ட வேண்டாம். எந்த முறை, டைட்டர் (ரத்தத்தை எவ்வளவு நீர்க்கச் செய்தும் பாசிட்டிவ் தெரிகிறது என்ற அளவு) எவ்வளவு என்று பாருங்கள். 1:40 அளவில், நோயே இல்லாதவர்களில் நாலில் ஒருவருக்காவது பாசிட்டிவ் வரும். 1:160-இல் இருபதில் ஒருவருக்கு. 2019-இல் வந்த லூபஸ் வரையறையில் 1:80 என்பது வாசற்படிதான். அதற்கப்புறம் சிறுநீரில் புரதம், மூட்டு வீக்கம், ரத்த அணுக்குறைவு என்று சேர்ந்து 10 புள்ளி தேற வேண்டும். எலைசா என்ற இயந்திர முறையில் ஏஎன்ஏ நெகட்டிவ் வந்தும் சந்தேகம் தீரவில்லையா? செல்களில் ஒளிரவைத்து நுண்ணோக்கியில் பார்க்கும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் முறையில் மறுபடி பாருங்கள். கண், வாய் வறட்சி இருந்தால், ஏஎன்ஏ நெகட்டிவ் ஆனாலும் ரோ ஆன்டிபாடியைத் தனியாகக் கேளுங்கள். ரோ ஆன்டிபாடி காணப்படும், கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோயில் வறட்சிக்கு முன்பே மதமதப்பு வருவதுண்டு.

*

இதோடு மாத்திரை விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்பவற்றில் 5, 10 மி.கி. பயோட்டின் இருக்கும். சில கருவிகளில் அது தைராய்டு சோதனையில் டிஎஸ்ஹெச்சைக் குறைத்தும் டி4-ஐ ஏற்றியும் காட்டி, இல்லாத தைராய்டு நோயை உண்டாக்கிவிடும். ரத்தம் கொடுக்குமுன் இரண்டு நாளாவது நிறுத்துங்கள்.

பி12 ஊசி போட்டபின் பி12 பார்ப்பதில் பயனில்லை. ஒரு மில்லிக்கு 200–300 பிகோகிராம் என்ற இழுபறி அளவு வந்தால், பி12 குறைந்தால் ஏறும் மெத்தில்மலோனிக் ஆசிட் பார்க்க வேண்டும். பி12 குறைவுக்கு ஃபோலிக் ஆசிட் மட்டும் சாப்பிட்டால் சோகை சரியாகிவிடும், தண்டுவடப் பாதிப்பு உள்ளே வளர்ந்துகொண்டே போகும். இதைக் கோட்டைவிடுகிறவர்கள் அதிகம்.

*

உள்ளங்கால் எரிச்சலுக்கு நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் மின்துடிப்பு போகும் வேகத்தை அளப்பது) நார்மல் என்றால் நரம்பு நன்றாயிருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்தச் சோதனை தடித்த இழைகளை மட்டுமே அளக்கும். எரிச்சல், சூடு, குத்தல் எல்லாம் மெல்லிய இழைகளின் வேலை. அதற்குக் கணுக்காலுக்கு 10 செ.மீ. மேலே 3 மி.மீ. அளவில் தோல் எடுத்து இழைகளை எண்ண வேண்டும். மாதிரியைச் சாதாரண ஃபார்மலினில் போட்டால் இழைகள் துண்டுதுண்டாகத் தெரிந்து எண்ணிக்கை தப்பும். ஸாம்போனி போன்ற தனித் திரவம் வேண்டும். அது தயாராக இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கடத்தல் சோதனைக்குப் போகிறவர்கள் லோஷன் தடவாதீர்கள். கால் சில்லிட்டிருந்தால் வேகம் குறைந்து, இல்லாத பாதிப்பு தெரியும். தோல் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே என்றால் சூடேற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

*

ஐவிஐஜி (தானம் பெற்ற ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிகளை நரம்பு வழியே ஏற்றும் சிகிச்சை) போட்டபின் எடுத்த ரத்தத்தில் தானம் கொடுத்தவர்களின் ஆன்டிபாடியும் கலந்திருக்கும். ரத்தத்தின் திரவப் பகுதியை நீக்கி வேறு திரவம் ஏற்றும் பிளாஸ்மா மாற்றம் செய்தபின் எடுத்தால் நம்முடையதே காணாமல் போயிருக்கும். ஆகவே சிகிச்சைக்கு முன்பே சீரம் எடுத்து உறையவைக்கச் சொல்லுங்கள். கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய்களுக்கான மாக், அக்வாபோரின்-4 ஆன்டிபாடிகள் இரண்டையும் செல் அடிப்படையிலான முறையில் பார்ப்பதுதான் நம்பகம். முதுகுத் தண்டு நீர் எடுக்கிற அன்றே ரத்தமும் எடுக்க வேண்டும். ஜோடி இல்லாமல் தண்டு நீரில் தெரியும் ஆலிகோகுளோனல் பட்டைகளுக்கு (ஆன்டிபாடிகள் காட்டும் கோடுகள்) பொருள் சொல்ல முடியாது.

ஆனால் கால் பலவீனம் நாளுக்கு நாள் மேலேறினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ, சிறுநீர் அடைத்தாலோ, கண் வலியோடு பார்வை மங்கினாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். நேரே அவசரப் பிரிவுதான்.

*

டாக்டரிடம் ஃபைலை நீட்டுவதைவிட ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எது முதலில் வந்தது, எந்தப் பக்கம், எத்தனை நேரம் நின்றது. 24 மணி நேரத்துக்கு மேல் நின்றதையும் வெந்நீர்க் குளியலில் வந்து உடம்பு ஆறியதும் போனதையும் பிரித்து எழுதுங்கள். முன்னது நோயின் புதிய தாக்குதலாக இருக்கலாம், பின்னது பெரும்பாலும் நரம்பில் முன்பே விழுந்த பழைய தழும்பின் வேலை. கழுத்தைக் குனிந்தால் முதுகில் ஷாக் அடிக்கிறதென்றால் கழுத்துத் தண்டுவட எம்ஆர்ஐயும் தேவைப்படும். காகித ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் உள்ள சிடியையும் எடுத்துப் போங்கள்.