பொதுச் சுகாதார நிதியை எதைக் கொண்டு பங்கிடுவது?

கேள்வி:
தடுப்பூசி, தொற்றுநோய்த் தடுப்பு, தாய்சேய் நலம் போன்ற பணிகளுக்காக உள்ளாட்சிகளுக்கு அரசு நிதி ஒதுக்கும்போது, தலைக்கு இவ்வளவு என்று எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே அளவில் கொடுப்பதுதானே நியாயம்? ஏழைப் பகுதிகளுக்குக் கூடுதலாகத் தர வேண்டும் என்போர், அந்தக் கூடுதலை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பதில் 1:
தலைக்கணக்கில் நோய்ச்சுமைக்கு இடமில்லை. வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர் ஊர் ஒன்றில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், நல்ல மருத்துவம் எங்கே மிகுதியாகத் தேவைப்படுகிறதோ அங்கேதான் அது அரிதாகக் கிடைக்கிறது என்று 1971இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார். அளவுகோல் என்று வரும்போது, சிகிச்சைக்கு வந்தோரின் எண்ணிக்கையைத் தேவையாகக் கொள்வதுதான் பெரும் பிழை. ஏனெனில் சுகாதார நிலையமே இல்லாத ஊரில் யாரும் வந்ததாகப் பதிவு இராது, பதிவு இல்லாததால் தேவையும் இல்லை என்று கணக்கு சொல்லிவிடும். இங்கிலாந்தில் 1976இல் வெளியான நிதிப் பங்கீட்டுக் குழுவின் அறிக்கை, வயதையும் பாலினத்தையும் கணக்கில் கொண்டு சரிசெய்த இறப்பு விகிதத்தைத் தேவையின் அடையாளமாக எடுத்துக்கொண்டது இதனால்தான். இறப்பு எப்படியும் பதிவாகிவிடுகிறது அல்லவா! 2013இல் அங்கே பொதுச் சுகாதாரப் பொறுப்பு உள்ளாட்சிகளிடம் வந்தபோது வகுக்கப்பட்ட சூத்திரமும் 75 வயதுக்கு முன் நேரும் இறப்புகளுக்கே முதன்மை கொடுத்தது.

பதில் 2:
சூத்திரம் சரியாக இருப்பதாலேயே பணம் வந்து சேர்ந்துவிடாது. அதே 2013 ஒதுக்கீடு, ஒவ்வொரு பகுதியும் முன்பு செலவிட்டு வந்த தொகையிலிருந்து தொடங்கி, சூத்திரம் காட்டிய இலக்குத் தொகையை நோக்கிச் சிறிது சிறிதாகவே நகர்ந்தது. மிகுதியாகப் பெற்று வந்த பகுதியின் தொகையைக் குறைக்க அரசுகள் தயங்குவதால், மொத்த நிதி வளராத ஆண்டுகளில் இந்த நகர்வு ஏறக்குறைய நின்றுபோகிறது.

பதில் 3:
இணைநிதி நிபந்தனையையும் கவனிக்க வேண்டும். உள்ளாட்சி தன் பங்கைப் போட்டால்தான் மானியம் கிடைக்கும் என்றால், வரி வருவாய் குறைந்த பகுதி தொடக்கத்திலேயே தோற்றுவிடுகிறது. அப்படியே மானியம் கிடைத்தாலும், செவிலியர் பணியிடங்கள் காலியாகக் கிடப்பதால் பணம் செலவாகாமல் திரும்பிப் போகிறது. அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டைக் குறைப்பதற்கு அதையே காரணமாகக் காட்டுகிறார்கள். ஆகவே ஆள் நியமனத்துக்கான தொகையை முன்கூட்டியே, பல ஆண்டுகளுக்கு உறுதியளித்துத் தருவது சூத்திரத்தைத் திருத்துவதைவிட அவசரமானது என்பேன்.